நான்கு புல்லட் டயர்கள்

நேர்மை ஒரு வீட்டில் ஒருவருக்கு இருந்தால் குடும்பம் தாங்கும். இரண்டு பேருக்கு இருந்தால் மூன்றாவது ஆள் பாடு திண்டாட்டம்தான். சேலையூர் யூனிஸின் கதி அப்படி ஆகிவிட்டது. ஒரு பக்கம் புருஷன், மறுபக்கம் கூடப்பிறந்த அண்ணன்.

போன வாரம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

கூடுவாஞ்சேரி உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருப்பவர் யூனிஸின் புருஷன் அசரியா. லெந்து என்கிற தபசு நாட்களில் கோயிலில் கேட்ட ஒரு பிரசங்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டுவிட்டார். தம்முடைய காரில் மாட்டியிருப்பவை கார் டயர்களே அல்ல, புல்லட் மோட்டார் சைக்கிளின் டயர்கள். மூன்று வருஷமாக அவற்றில்தான் ஓட்டி வருகிறார். ஆர்.சி. புத்தகத்தில் எழுதியிருக்கும் அளவு வேறு. சட்டப்படி ஆவன செய்ய வேண்டியது. இவ்வளவுதான் கடிதம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

அது யார் மேஜைக்குப் போகும் என்று மனிதர் யோசிக்கவில்லை. யூனிஸின் அண்ணன், பிரேக் இன்ஸ்பெக்டர் தனசிங்கின் மேஜைக்குத்தான் போயிற்று.

தனசிங்குக்கு அந்த டயர்கள் புதிய சேதி இல்லை. ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் அந்தக் கார் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நிற்கும். அவர் பார்த்தும் பார்க்காதவராகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பார். ஆனால் குமாஸ்தா சம்பந்தம் அந்தக் கடிதத்தின் தலையில் ஒரு முத்திரையைக் குத்தி நம்பர் போட்டு ஃபைலில் கோத்துவிட்டான். நம்பர் விழுந்த தாளைப் பார்க்காததுபோல் இருக்க தனசிங்குக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை தாம்பரத்தில் நடக்கும் வாகனச் சோதனை கேம்ப்புக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி, மச்சான் என்ற பேச்சே இல்லாமல், அச்சடித்த பாரத்தில் நோட்டீஸ் அனுப்பினார்.

அந்த வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

*

பார்க்கிறவர்களுக்கு அது ஷோக்கு வண்டி. பச்சை நிறம். இரண்டே சீட். கதவு முழங்கால் உயரம்தான். மடக்கினால் பின்னால் போய்விடும் கான்வாஸ் கூரை. கல்லூரியில் அசரியாவுக்குப் பாடம் சொன்ன வெள்ளைக்காரப் புரொபசர் ஊருக்குக் கப்பலேறியபோது, பழைய மாணவன் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். வாத்தியாருக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று சேலையூரே சிரித்தது.

சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அசரியாவின் இடது முழங்காலைப் பற்றித் தெரியாது. பதினெட்டு வயதில் எலும்பில் சீழ் வைத்து, ஆபரேஷன் செய்து, மூட்டை அசையாமல் சேர்த்துவிட்டார்கள். நீட்டிய கால் நீட்டியபடிதான். பஸ்ஸில் அந்தக் காலை வைக்க இடம் கிடையாது. ரயிலுக்குப் போனால் ஸ்டேஷன் பாலத்துப் படிகளை ஏறி இறங்க வேண்டும். அம்பாசடரில்கூட கால் முன்னால் இடிக்கும். இந்தச் சின்ன வண்டியில் மட்டும் தரையோடு தரையாக உட்கார்ந்து இரண்டு காலையும் நேராக நீட்டிக்கொள்ளலாம். கிளச்சை முழங்காலால் மிதிக்க வேண்டாம், இடுப்பாலேயே தள்ளிவிடுவார். ஷோக்கும் கிடையாது, ஒன்றும் கிடையாது. அந்த வண்டி நின்றால் கூடுவாஞ்சேரி வேலை நின்றுவிடும்.

வண்டிக்கு வந்த ஒரே வியாதி டயர். பத்தொன்பது அங்குலக் கம்பிச் சக்கரத்துக்கு ஏற்ற கார் டயர் இங்கே கிடைப்பதில்லை. வெளியிலிருந்து தருவிக்க லைசென்ஸ் வேண்டும். சோழவரத்தில் ரேஸ் ஓட்டுகிற பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு சிங்கப்பூரிலிருந்து யாராவது கொண்டுவந்து தருவார்கள். கணக்கு வாத்தியாருக்கு யார் இருக்கிறார்கள்? பழைய டயரில் நூல் தெரிந்து, நூலும் பிய்ந்தபோது, மேற்குத் தாம்பரம் மெக்கானிக் சவுரிமுத்து ஒரு புல்லட் டயரைத் தூக்கி வந்து சக்கரத்தில் வைத்துப் பார்த்தான். அளவெடுத்துத் தைத்த சட்டையாக உட்கார்ந்துவிட்டது.

வண்டியில் கனமே இல்லை, தாங்கும் என்றான் சவுரிமுத்து. மழையில் மட்டும் பார்த்து ஓட்டச் சொன்னான். மூன்று வருஷம் தாங்கியது. அசரியாவின் மனசாட்சிதான் தாங்கவில்லை.

*

காலை எட்டேகால். சேலையூரிலிருந்து கிளம்பி லெவல் கிராசிங்கில் நின்றிருந்தார்கள். கேட் மூடியிருந்தது.

யூனிஸ் ஊரப்பாக்கத்தில் ஆரம்பப் பள்ளி டீச்சர். தினமும் அசரியா அவளை ஊரப்பாக்கத்தில் இறக்கிவிட்டு அப்படியே கூடுவாஞ்சேரி போவார். சாயங்காலம் திரும்பும்போது ஏற்றிக்கொள்வார். போக முக்கால் மணி, வர முக்கால் மணி. இந்தக் கேட்டில் நிற்பதையும் சேர்த்துத்தான்.

உண்மையைச் சொல்லப் போனால் இவர்கள் குடித்தனம் நடப்பதே இந்தக் கேட்டில்தான். வீட்டில் விடியற்காலை ஒரு கூட்டம் டியூஷன் பிள்ளைகள், விளக்கு வைத்தபின் இன்னொரு கூட்டம். சொந்தப் பிள்ளை இல்லை. ஊரார் பிள்ளைகள் ஹாலில் கணக்குப் போடும்போது புருஷனிடம் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட உள்ளிருந்து சைகை காட்ட வேண்டும். காரில் ஏறிவிட்டால் அசரியா வேறு மனிதர். ஹெட்மாஸ்டரைப் போல் பேசிக் காட்டுவார். படித்த பேப்பரைப் பற்றிச் சொல்வார். ஒன்றும் இல்லாவிட்டால் பாடுவார், அதுவும் சுருதி இல்லாமல்.

இந்த ஒரு வாரமாகப் பாட்டு இல்லை. யூனிஸும் பேசவில்லை. சண்டை போடக்கூடத் தெம்பு வேண்டும் அல்லவா?

"லெட்டர் போடறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றாள் கடைசியில்.

"சொல்லியிருந்தா போட விட்டிருக்க மாட்டே."

"அதுக்காகத்தான் சொல்லியிருக்கணும்."

அசரியா ஸ்டியரிங்கைத் தடவினார். பொய்யான வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு பிள்ளைகளுக்கு எப்படி விடை சரியா தப்பா என்று சொல்வது என்று ஏதோ ஆரம்பித்தார். யூனிஸ் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சொல்வது தப்பு என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் அலுப்பாக இருந்தது.

*

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய மைதானத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் கேம்ப். நாலு லாரி, ஒரு தனியார் பஸ், வரிசையாக டாக்சி. நடுவில் இந்தப் பச்சை வண்டி வந்து நின்றதும் டிரைவர்கள் எல்லாரும் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். ஒருவன் குனிந்து டயரைப் பார்த்துவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டுக் காட்டினான்.

தனசிங் காக்கி உடுப்பில் நின்றிருந்தார். முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ரிட்டயராக இன்னும் பதினாலு மாசம். இந்த முப்பத்தொரு வருஷத்தில் அவருக்கு யாரும் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததாகச் சொல்ல முடியாது. அந்தப் பெருமை ஒன்றுதான் அவர் சேர்த்த சொத்து என்று அவர் மனைவி ரத்தினபாய் அடிக்கடி சொல்வாள். பாராட்டிச் சொல்வதில்லை.

"மிஸ்டர் அசரியா, வண்டியை இந்தப் பக்கம் கொண்டுவாங்க" என்றார்.

யூனிஸ் இறங்கி, வழக்கம்போலப் புருஷனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு லாரி டிரைவர் இன்னொருவனிடம் சொன்னது மரத்தடி முழுக்கக் கேட்டது.

"தங்கச்சி வூட்டுக்காரராம்பா. இப்போ பாரு, மாலை போட்டு அனுப்புவாரு. நம்ம வண்டின்னா மட்டும் நட்டு நட்டா தட்டிப் பாப்பாரு."

தனசிங்கின் காது சிவந்துவிட்டது. அவர் திரும்பவில்லை.

பிரேக் பார்த்தார். விளக்கு பார்த்தார். ஹாரன் அடித்துப் பார்த்தார். டயரின் அளவைக் குனிந்து படித்து எழுதிக்கொண்டார். பிறகு பையிலிருந்து ஒரு சுற்றறிக்கையை எடுத்தார். போன மழைக்காலத்தில் டயர் வெடித்துச் சில விபத்துகள் நடந்தபின் மேலேயிருந்து வந்தது. புத்தகத்தில் உள்ள அளவை விட்டு வேறு டயர் போட்டிருந்தால், அந்த டயர் தாங்கும் பாரத்தையும் வண்டியின் பாரத்தையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அனுமதி கொடுக்க வேண்டும். தாங்கும் என்றால் புத்தகத்தில் எழுதிக் கொடுக்கலாம். தாங்காது என்றால் வண்டி ரோட்டுக்கு வரக்கூடாது.

அசரியாவின் உதடு உலர்ந்துவிட்டதை யூனிஸ் பார்த்தாள். இந்த மனிதர் நேற்று ராத்திரி சாப்பாட்டுத் தட்டில் விரலால் பெருக்கல் போட்டுக்கொண்டிருந்தார்.

எதிரே நெல் கிடங்கில் லாரிகளுக்கான எடை மேடை. வண்டியை அங்கே ஓட்டிப் போனார்கள். எடை போடுகிற ஆள் துரைக்கு இவ்வளவு சின்ன வண்டியைப் பார்த்ததில் ஒரே குஷி.

"இன்னா சார், மேடை இத்த கண்டுக்குமான்னே தெரில" என்றான். பிறகு கம்பியில் குண்டை நகர்த்திக்கொண்டே, "ரெண்டு பேரும் ஏறிக்கினா ஒரு தபா சேத்துப் போட்டுடலாமே சார். லாரிக்கெல்லாம் டிரைவர் கிளீனரோடதானே பாக்கறீங்க?"

"வேணாம்" என்றார் தனசிங். "வெறும் வண்டி போதும்."

எழுநூற்று இருபத்தொரு கிலோ.

மரத்தடிக்குத் திரும்பி வந்து, டயர் அட்டவணையைப் பார்த்து, தனசிங் கணக்குப் போட்டார். ஒரு புல்லட் டயர் தாங்குவது இருநூற்று எட்டு கிலோ. நாலுக்கும் சேர்த்து எண்ணூற்று முப்பத்திரண்டு. வண்டியோடு ஆளுக்கு அறுபத்தைந்து கிலோ வீதம் இரண்டு பேரைச் சேர்த்தால் எண்ணூற்று ஐம்பத்தொன்று. பத்தொன்பது கிலோ அதிகம். ஒரே ஆள் என்றால் தாராளமாகத் தாங்கும்.

அச்சடித்த பாரத்தை நிரப்பி முடித்துவிட்டு, நிமிராமலே முடிவைச் சொன்னார். இந்த டயர்களோடு வண்டி ஓடலாம். ஒருவர் மட்டும், அதாவது ஓட்டுபவர் மட்டும் போகலாம். இடப்பக்க சீட்டைக் கழற்றிவிட வேண்டும். கழற்றியதைத் தாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்துப் புத்தகத்தில் எழுதித் தருவதாகவும், சொந்தக்காரர் அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்.

லாரி டிரைவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாலையைப் பற்றிப் பேசியவன் தலையைச் சொறிந்தான்.

அசரியாவுக்கு முதலில் வந்தது நிம்மதிதான், பாவம். ஒரு வாரமாக அடைத்துக்கொண்டிருந்த மூச்சு வெளியே வந்தது. மனைவியின் பக்கம் திரும்பினார்.

"வண்டி ஓடும், யூனிஸ்."

"நான்?" என்றாள் அவள்.

அவருக்கு அப்போதுதான் உறைத்தது. 

யூனிஸ் காரிலிருந்து கைப்பையையும் சாப்பாட்டுத் தூக்கையும் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம்வரை உட்கார்ந்து போகலாமே, இன்னும் எழுதவில்லையே என்று அசரியா கெஞ்சுகிற குரலில் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டாள். ஜி.எஸ்.டி. ரோட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். செங்கல்பட்டு பஸ் இரண்டு நிற்காமலே போயின. மூன்றாவதில் படிக்கட்டில்தான் இடம் கிடைத்தது.

*

மத்தியானம் மரத்தடியில் சாப்பாட்டு நேரம். கூட வேலை பார்க்கும் இன்ஸ்பெக்டர் வைத்தீஸ்வரன் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே தனசிங்கைப் பார்த்தார். தனசிங் டிபன் கேரியரைத் திறக்கவே இல்லை.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க சார்" என்றார் வைத்தீஸ்வரன். "அந்த சர்க்குலர்ல நாலாவது பாராவில ரெண்டு வழி இருக்கு. ஆளுக்கு அறுபத்தஞ்சுன்னும் போடலாம், ஆளை ஏத்தி நிஜமா எடையும் போடலாம். இன்ஸ்பெக்டர் இஷ்டம்னு அவங்களே எழுதியிருக்காங்க. நாம எப்பவும் ஏத்தித்தானே போடறோம்? அவங்க ரெண்டு பேரும் ஒல்லி. ஏத்தியிருந்தா தேறியிருக்கும்."

"தேறியிருக்கும்."

"அப்புறம் என்ன?"

"என் தங்கச்சி புருஷன் வண்டி, வைத்தீஸ்வரன்."

 ஃபைலைத் தம்மிடம் தள்ளிவிட்டிருந்தால் இந்தச் சங்கடமே இல்லையே என்று வைத்தீஸ்வரன் முணுமுணுத்தார். அதுவும் தனசிங்குக்குத் தோன்றாமல் இல்லை. தள்ளிவிட்டால், மைத்துனர் வண்டியை அடுத்தவர் கையால் பாஸ் பண்ணிக்கொண்டார் என்று பேச்சு வரும். மூன்று வருஷம் வாசலில் நின்ற வண்டியைக் கண்டும் காணாமல் இருந்தது போதாதா? அதுவே அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கண்டிப்பாக இருந்துவிட்டால் அது சரியாகிவிடும் என்று நினைத்தார்.

நல்லவர்கள் செய்கிற தப்புக்கு இதுதான் வழி. ஒரு பக்கம் சாய்ந்துவிட்டோமே என்று மறுபக்கம் போய் விழுவார்கள். அடிபடுகிறவர்கள் வேறு யாரோ.

*

யூனிஸ் வீடு திரும்பும்போது மணி ஐந்தரை. ஊரப்பாக்கத்தில் பஸ் கிடைக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தாம்பரத்தில் இறங்கி, ரயில் பாலம் ஏறி இறங்கி, சேலையூர்வரை நடை. புடவை வேர்வையில் நனைந்திருந்தது. செருப்பில் ஒரு வார் அறுந்திருந்தது.

டியூஷன் பிள்ளைகளை இன்றைக்கு வரவேண்டாம் என்று அசரியா சொல்லி அனுப்பியிருந்தார். ஹால் காலியாக இருந்தது. ஆர்டரோடு இணைத்துக் கொடுத்த சுற்றறிக்கை நகலை மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, நீட்டிய காலோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு தாளில் நாலைந்து வரிக் கணக்கு.

அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவள் குடித்து முடிக்கிறவரை பொறுத்திருந்தார். பிறகு நாலாவது பாராவைப் படித்துக் காட்டினார். போன மாதம் ஆஸ்பத்திரியில் இருவரும் எடை பார்த்தார்கள் அல்லவா, அவர் அறுபது, அவள் நாற்பத்தைந்து. வண்டியோடு சேர்த்து எண்ணூற்று இருபத்தாறு. ஆறு கிலோ மிச்சம் இருக்கிறது.

"ஆறு கிலோவா?"

"ஆறு."

"அப்ப நான் உட்காரலாம்."

"சட்டப்படியே உட்காரலாம்" என்றார் அசரியா. தம்மால்தான் எல்லாம் என்றும், அந்தக் கடிதத்தைப் போடாமல் இருந்திருக்கலாம் என்றும் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். கடிதம் போட்டது தப்பு என்று சொல்ல அவருக்கு இப்போதும் வாய் வரவில்லை.

யூனிஸ் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் எடை மேடையில் துரை கேட்டதும், அண்ணன் வேண்டாம் என்று சொன்னதும் அவள் காதில் விழுந்ததுதான். அப்போது அர்த்தம் தெரியவில்லை. இப்போது தெரிந்தது.

வெளியே லாம்பிரெட்டா ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

*

தனசிங் உள்ளே வரவில்லை. வண்டி நிறுத்தியிருந்த இடத்திலேயே நின்றுகொண்டார். கையில் ஆர்.சி. புத்தகமும் ஒரு தாளும் இருந்தன.

"சீட் இன்னும் எடுக்கலையா, மாப்பிள்ளை?"

அசரியா பதில் சொல்வதற்குள் யூனிஸ் பின்கட்டுக்குப் போய் ஸ்பேனரோடு வந்தாள். அசரியாவால் குனிந்து மண்டிபோட முடியாது. சவுரிமுத்துவை வரச் சொல்லலாம் என்றார். அவள் கேட்காமல் தரையில் உட்கார்ந்து, கையை உள்ளே விட்டு முதல் போல்ட்டைப் பிடித்தாள். துருப் பிடித்திருந்தது. வளையல் தகரத்தில் உரசிற்று. ஒரு தரம் ஸ்பேனர் நழுவி விரல் முட்டியில் தோல் வழன்றது.

"நான் எடுக்கறேன், விடும்மா" என்று தனசிங் குனிந்தார்.

"வேணாம்."

நாலு போல்ட். கழற்றக் கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் இரண்டு ஆண்பிள்ளைகளும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருவில் போன பால்காரர் சைக்கிளை மெதுவாக்கி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சீட்டைத் தூக்கிச் சுவர் ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, யூனிஸ் எழுந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணா, நாலாவது பாரா படிச்சேன்."

தனசிங் புத்தகத்தைக் கை மாற்றிக்கொண்டார். சட்டப்படி இரண்டு வழியும் சரிதான் என்றும், இரண்டில் கண்டிப்பான வழியைத்தான் எடுத்ததாகவும், நாளைக்கே அந்த சீட்டில் நூறு கிலோ ஆள் ஒருவர் உட்கார்ந்து டயர் வெடித்தால் யார் பதில் சொல்வது என்றும் நிதானமாகச் சொன்னார். கேம்ப்பில் வண்டிக்காரர்களிடம் சொல்கிற அதே நிதானம்.

"அந்த சீட்ல என்னைத் தவிர யாரும் உட்கார்ந்தது கிடையாது. உனக்கே தெரியும்."

"பாரத்துல யூனிஸ்னு கட்டம் இல்லம்மா. ஆள்னுதான் இருக்கு."

"பதினொரு வருஷமா இந்த வீட்ல இருக்கேன்" என்றாள் யூனிஸ். குரல் உயரவில்லை. உயர்த்தத் தெம்பில்லை. "இவரோட நான் பேசறது அந்தக் கார்ல மட்டும்தான். காலையில முக்கால் மணி, சாயங்காலம் முக்கால் மணி. எனக்குன்னு இருந்தது அவ்வளவுதான். நகை வேணும்னு கேட்டேனா, பிள்ளை இல்லையேன்னு யார்கிட்டயாவது அழுதேனா?"

அசரியா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பதினொரு வருஷமும் அவளோடு பேசிக்கொண்டு போனவருக்கு இது மட்டும் தெரியாது.

 தங்கையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் அழைத்துப் போனவர் தனசிங். அப்பா இறந்தபின் அவளைப் படிக்க வைத்ததும், இந்தக் காலோடு இருக்கிற மாப்பிள்ளைக்கு மற்றவர்கள் தயங்கியபோது நல்ல மனுஷன் என்று முன்னால் நின்று கட்டி வைத்ததும் அவர்தான். அவரும் பாவம்தான். ஆனால் வாயில் வந்தது என்னவோ சர்க்கார் பேச்சுத்தான்.

"ஊர் பேசும் யூனிஸ். இன்னிக்கு காலையிலேயே பேசினாங்க. நீயும் கேட்டே."

"கேட்டேன்." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. பொய் சொல்ல உனக்கு வராது, அதனால கேக்கறேன். நான் உன் தங்கச்சியா இல்லாம வேற யாராவதா இருந்திருந்தா, ஏத்தி எடை போட்டிருப்பே இல்ல?"

 தெருமுனையில் கோயில் மணி ஆறு அடித்து ஓய்ந்தது.

"போட்டிருப்பேன்" என்றார்.

யூனிஸ் தலையை ஆட்டினாள். அழுகை வரும் என்று அசரியா பயந்தார். வரவில்லை. அவள் குனிந்து தரையில் கிடந்த நாலு போல்ட்டையும் பொறுக்கி எடுத்துக்கொண்டாள்.

தனசிங் தாளை அசரியாவிடம் நீட்டினார். நிபந்தனையை ஏற்றுக்கொண்டதாக அடியில் ஒரு கையெழுத்து வேண்டும். அது இல்லாமல் அனுமதி செல்லாது. அனுமதி இல்லாமல் திங்கட்கிழமை வண்டி வாசலைத் தாண்டக்கூடாது. இதையெல்லாம் அவர் தரையைப் பார்த்தே சொன்னார்.

அசரியா தாளை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். மனைவியைப் பார்த்தார்.

அவளோ அண்ணனுக்கு முன்னால் வந்து நின்றாள். உள்ளங்கையை விரித்து நாலு போல்ட்டையும் காட்டினாள். முட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது.

"வேற யாராவதா இருந்திருந்தா எனக்கு நியாயம் கிடைச்சிருக்கும். இனிமே அப்படியே இருந்துக்கறேன்" என்றாள். "சீட் எடுத்தாச்சு. சரியா இருக்கான்னு பாத்துக்குங்க, சார்."

தனசிங்கின் கை புத்தகத்தோடு அப்படியே நின்றது. அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அசரியா இன்னும் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.